‘ஒ’வை எடுத்து ‘அ’ போடுங்கள்

போன மாதம் என் மருமகளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கல்யாணமாகிக் கல்கத்தாவில் இந்த லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிப் பேசி வங்காளி கற்றுக்கொள்கிறாள். அன்றைக்குக் காப்பியை வைத்துவிட்டு, “ரொம்பச் சுலபமா இருக்கு மாமா. பாதி வார்த்தை நம்மளோடதுதான். கொஞ்சம் வாயைக் குவிச்சுண்டு பேசினா வங்காளி ஆயிடறது” என்றாள் சிரித்துக்கொண்டே.

“யார் சொன்னா உனக்கு? அப்படி நினைச்சுண்டு ஒரு வார்த்தை பேசாதே இங்கே!” என்று கத்தினேன். அவள் கண்ணில் ஜலம் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளை உள்ளேயிருந்து ஓடிவந்து, எழுபது வயதுக்கு மேல் இந்தக் கோபம் எதற்கு என்று கேட்டான். அவனுக்குப் பதில் இருக்கிறது. வாயால் சொல்லத்தான் வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன், அவள் படிக்கட்டும்.

அவள் சொன்ன அதே வார்த்தையை, ஏறக்குறைய அதே சிரிப்போடு, நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒருவரிடம் சொன்னேன்.

அப்போது ஒரு ரயில்வே கம்பெனியில் நான் குமாஸ்தா. கம்பெனியின் பெயர் வேண்டாம். வழியில் காணாமல் போன சரக்கு வேகன்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும், சரக்கு வரவில்லை என்று வியாபாரிகள் எழுதுகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் எங்கள் பிரிவின் வேலை. அங்கே மதராஸ் பக்கத்து ஆபீஸ் ஒன்றிலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தார் அவர். ஐம்பத்து மூன்று வயது. எனக்கும் அவருக்கும் இருபது வயது வித்தியாசம் இருந்தும், அண்ணா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் மனைவி எனக்கு மன்னி. என் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயம் அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

அண்ணா இங்கிலீஷில் கடிதம் எழுதினால் துரைமார்களே இரண்டு தரம் படிப்பார்கள். ஆனால் நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். எழுதுவார், படிப்பார், ஒரு கமாவை எடுப்பார், மறுபடி படிப்பார், எடுத்த கமாவை அதே இடத்தில் வைப்பார். முப்பது வருஷமாக அப்படியே வேலை பார்த்து நல்ல பெயர் வாங்கின மனுஷர். வங்காளி மட்டும் ஒரு எழுத்து தெரியாது. ஆபீஸில் எல்லோரும் அந்தப் பாஷையில் சிரித்துப் பேசுவதை ஊமை மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். கல்கத்தா வந்து ஆறு வருஷமாகி, கறிகாய்க்காரனோடு சண்டை போடுகிற அளவுக்கு வங்காளி வந்திருந்ததில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். “இதுக்கா அண்ணா கவலைப்படறேள்? ஒரு சூத்திரம் சொல்றேன், கேட்டுக்கோங்கோ” என்றேன். “‘ஒ’ன்னு காதுல விழுந்தா அதை எடுத்துட்டு ‘அ’ போடுங்கோ. ‘ப’ வந்தா ‘வ’. ‘ஷ’ வந்தா ‘ச’. கடைசியிலே நம்ம பங்குக்கு ஒரு ‘ம்’ சேர்த்துடுங்கோ. தீர்ந்தது. பொஷொந்தோம்பான், அது வசந்தம். ஷொரீர்னா சரீரம். ஷொமொய்னா சமயம்.”

அண்ணா விரலை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்தார். பச்சைக் குழந்தைக்கு வருகிற சந்தோஷம் அவர் முகத்தில். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஆற்றைக் கடந்து, ஹவுரா பக்கம் படகிலிருந்து இறங்கும்போதே கத்தினார்: “ஓய், உம்ம சூத்திரம் பலிச்சுடுத்துங்காணும்! இன்னிக்கு நாலு வார்த்தை பிடிச்சுட்டேன்.”

சூத்திரம் காலை வாரும் என்பதற்கு அடையாளமும் உடனே கிடைத்தது. எங்கள் ஹெட் கிளார்க் ஒரு வங்காளி. அங்கே ஹெட் கிளார்க்கைப் பொரோபாபு என்பார்கள், அதாவது பெரிய பாபு. அவருக்கும் அண்ணாவின் வயதுதான். ஒரு நாள் அவர் அண்ணாவிடம், “ஷொங்ஷார் எப்படி நடக்கிறது?” என்று வங்காளியில் விசாரித்திருக்கிறார். ஷொங்ஷார் என்றால் அவர்களுக்குக் குடும்பம், வீட்டு நிர்வாகம். அண்ணா சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். சம்சாரம் என்று வந்தது. நம் சம்சாரத்தின் நடையைப் பற்றி இந்த மனுஷர் ஏன் கேட்கிறார் என்று முகம் சிவந்து, பதிலே சொல்லாமல் வந்துவிட்டார்.

இதைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை நானும் மன்னியும் சிரித்த சிரிப்பு! மன்னிக்குப் புரையேறிவிட்டது. “என்னை எதுக்கு அவர் விசாரிக்கணும்? நன்னாத்தான் நடக்கறேன்னு சொல்றதுதானே” என்றாள். அண்ணாவும் சேர்ந்து சிரித்தார். “இப்படி ஒண்ணு ரெண்டு இருக்கும் அண்ணா. மத்ததெல்லாம் கண்ணை மூடிண்டு நம்பலாம்” என்றேன். அந்த ஒன்று இரண்டில் இரண்டாவது எது என்று ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்லியிருக்கக் கூடாதா? தோன்றவில்லை. சிரிப்பில் போய்விட்டது.

அந்த வருஷக் கடைசியில் புதிதாக ஒரு துரை வந்தார். வந்த கையோடு, ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒரு நாளில் எத்தனை கடிதத்துக்குப் பதில் எழுதினான் என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். கடிதம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் இல்லை, எத்தனை என்பதுதான் பேச்சு. சின்னப் பையன்கள் தினம் இருபது எழுதித் தள்ளினார்கள். அண்ணாவின் பெயர் பட்டியலின் அடியில் நின்றது. காலையில் உள்ளே நுழைந்ததும் அவர் கண் நேராக அந்தச் சுவருக்குத்தான் போகும்.

அவர் உடம்பு இறங்கியதை முதலில் கண்டுபிடித்தவள் மன்னி, அதுவும் காதால். ஹவுராவில் ஒரு சந்துக்குள் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். இருபத்திரண்டு படி, செங்குத்தாக. அண்ணா ஏறிவருகிற செருப்புச் சத்தத்தை அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். வந்த புதிதில் ஒரே மூச்சில் ஏறுவார். பிறகு நடுவில் ஒரு தடவை நின்றார். அப்புறம் இரண்டு தடவை. மதியத்துக்குக் கொடுத்தனுப்புகிற தயிர்சாதம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “வேலையைக் குறையுங்கள். ஓடாதீர்கள், பதறாதீர்கள். இல்லாவிட்டால் இந்த இருதயம் அதிக நாள் தாங்காது” என்று சொல்லிவிட்டார். வேலையிலிருந்து விலக இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணா கண் அசந்திருக்கும்போது மன்னி என்னிடம் வந்து நின்றாள். “உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நகை வேண்டாம், நட்டு வேண்டாம். இந்த மனுஷர் மூச்சு வாங்காம படி ஏறி வரணும். அந்தப் பொரோபாபு நல்லவர்ங்கறேளே, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன். இவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, எனக்குச் சிபாரிசா வேணும்னு குதிப்பார்.”

மறுநாளே பொரோபாபுவிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எனக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீட்டில் சொல்லவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு இந்தப் பட்டியல் ஒரு பாவம்” என்றார். அண்ணாவுக்குக் கடிதங்களைப் பாதியாகக் குறைக்கிறேன், அதிலும் பழைய கடிதங்களாக, யாரும் உடனே பதில் கேட்காதவையாகப் பார்த்துக் கொடுக்கிறேன், துரை கேட்டால் அவை கடினமான கேஸ்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நிதானமாகச் செய்யட்டும் என்று காகிதத்தில் குறித்து அனுப்பவா என்றும் கேட்டார்.

“காகிதம் வேண்டாம், துரை கண்ணில் பட்டுவிடும். வாயால் சொல்லுங்கள்” என்றேன். அதோடு நிறுத்தினேனா? என் புத்திசாலித்தனம் விடவில்லை. “இங்கிலீஷில் சொன்னால் அவருக்கு ஆபீஸ் உத்தரவு மாதிரி இருக்கும். உங்கள் பாஷையில் சொல்லுங்கள். இப்போது அவருக்கு வங்காளி புரிகிறது. ரொம்பச் சந்தோஷப்படுவார்” என்றும் சொன்னேன்.

பொரோபாபுவுக்கும் அது பிடித்திருந்தது. அப்படியே செய்கிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னியிடம் போய், “ஆச்சு மன்னி, இனிமே கவலை இல்லை” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அவள் போட்ட அடையை நாலு தின்றுவிட்டு வந்தேன்.

பத்து நாளைக்குள் என்னை ஹவுராவைத் தாண்டிச் சாந்த்ராகாச்சியில் இருந்த சரக்கு வண்டி யார்டு ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். தங்கலும் அங்கேயே. அண்ணாவை ஆபீஸில் பார்க்கிற பேச்சு போய்விட்டது. யார்டில் வேலை அதிகமாக இருந்ததால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஹவுரா பக்கம் வரவும் முடியவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சட்டை தொளதொளவென்று இருந்தது.

“என்ன அண்ணா இது? வேலை குறைஞ்சிருக்கணுமே?”

“குறைஞ்சுதான் இருக்கு. முன்னே இருபது வரும், இப்போ எட்டோ பத்தோ வரது. ஆனா ஒவ்வொண்ணையும் பொரோபாபு தானே கொண்டு வந்து என் மேஜையிலே வெச்சு, அவசரம் அவசரம்னு சொல்லிட்டுப் போறாரே!” என்றார். “எல்லாம் பழைய கேஸ் ஓய். யாராலேயும் தீர்க்க முடியாம கிடந்தது. என்னை நம்பிக் கொடுக்கிறார். மத்தவாளுக்கெல்லாம் அவசரம்னு சீட்டுத்தான் கட்டி வரும். எனக்கு மட்டும் சிரிச்சுண்டே வாயாலே சொல்றார். தோளைத் தட்டிச் சொல்றார். எப்படி மெதுவாப் பண்றது, சொல்லும்?”

அவர் பேச்சில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. பாலம் திறந்துவிட்டால் நேரமாகிவிடும் என்று அரை மணி முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறாராம். ஹவுராவில் அப்போது இந்த இரும்புப் பாலம் கிடையாது. படகுகளை வரிசையாகக் கட்டி மேலே போட்ட பாலம். கப்பல் வந்தால் நடுவில் திறந்துவிடுவார்கள். திறந்திருந்தால் அண்ணா படகுத்துறைக்கு ஓடுவாராம். டாக்டர் ஓடாதே என்று சொன்ன மனுஷர்!

எனக்கு ரத்தம் கொதித்தது. கையைப் பிடித்துக்கொண்டு அப்படிக் குழைந்த மனுஷன் இப்படிச் செய்வானா? நம்மிடம் ஒரு முகம், மேஜைக்குப் போனால் ஒரு முகமா? துரைக்கு நல்ல பிள்ளையாக இருக்கக் கிழவரின் உயிரை எடுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். அண்ணா சொன்னது என்ன, பொரோபாபு சொன்ன வார்த்தை எது என்று கேட்கவே தோன்றவில்லை. அண்ணா தமிழில் அவசரம் என்றார். எனக்கும் தமிழ்க் காதுதானே. நேராக உள்ளே போய்விட்டது.

மன்னி சாதம் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. “சொன்னேன்னு சொன்னேளே” என்றாள், அவ்வளவுதான். “இப்போ படியிலே மூணு தடவை நிக்கறார்.”

அதற்கு அடுத்த வாரம், ஒரு வேலையாகக் கல்கத்தா பக்கம் போய்த் திரும்பும்போது, படகுத்துறையில் பொரோபாபு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, குடையை இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தார். “நல்லவேளை, உங்களைப் பார்த்தேன். உங்கள் அண்ணா நான் சொல்வதைக் கேட்கவே மாட்டேன் என்கிறாரே. நீங்கள்தான் ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தார்.

“கேட்காமல் என்ன? நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தானே இப்படி ஆகிவிட்டார்!” என்று வெடித்தேன். அவர், “ராக் கோர்பேன் நா” என்றார் மெதுவாக, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று. நான் திரும்பிப் பார்க்காமல் படகில் குதித்துவிட்டேன். கரை விலகுகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஐயோ, இரண்டு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் போதும். என் கோபம் எத்தனையோ காரியத்தைக் கெடுத்திருக்கிறது. அதையெல்லாம் மறந்துவிட்டேன், இந்த ஒன்றைத் தவிர.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, பகல் மூன்று மணி இருக்கும், யார்டுக்குத் தந்தி வந்தது. அண்ணா ஆபீஸில் விழுந்துவிட்டார், உடனே வா என்று. கிடைத்த ரயிலில் ஏறி ஹவுரா வந்து, நனைந்துகொண்டே சந்துக்கு ஓடினேன். வாசலில் வாடகை வண்டி நின்றது. மாடிக்கு ஓடினேன்.

வண்டியில் வரும்போதே உயிர் போய்விட்டதாம். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்திருக்கிறார்கள். மன்னி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும், “படியிலே ஒரு தடவைகூட நிக்கலை” என்றாள். “செருப்புச் சத்தம் கேட்டுது. நிக்காம கிடுகிடுன்னு ஏறி வந்துது. இன்னிக்கு உடம்பு தேவலை போலிருக்கே, சீக்கிரமும் வந்துட்டாரேன்னு சந்தோஷமா எழுந்து கதவைத் திறந்தேன்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டு, வெட்கத்தை விட்டு அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்து பதினைந்து நாள் கழித்துப் பொரோபாபு வந்தார். ஆபீஸில் விட்டுப்போன அண்ணாவின் குடையும் மூக்குக் கண்ணாடியும் கையில் இருந்தன. படி ஏறிவந்து வாசலில் நின்று ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார். மன்னி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். நான் பாயை விரித்தேனே தவிர, வாருங்கள் என்று சொல்லவில்லை.

அவரே பேச ஆரம்பித்தார். “அன்றைக்கு மத்தியானம் ஒரு கடிதத்தை முடித்து, தானே என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சிரித்துக்கொண்டே வங்காளியில் சொன்னார், ‘ஒபொஷொர் ஷேஷ்’ என்று. ஓய்வு முடிந்தது என்கிறார், வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு காகிதத்தையும் நானே வைத்துச் சொன்னேன். ‘ஒபொஷொர் மொதோ கோர்பேன்’, ‘ஒபொஷொர் மொதோ கோர்பேன்’. தினம் பத்துத் தடவை சொன்னேன். கேட்கவே இல்லையே. சொல்லச் சொல்ல இன்னும் வேகமாக அல்லவா செய்தார்!”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. வங்காளியாகக் காதில் விழுந்தது, வங்காளியாகவே புரிந்தது. ஒபொஷொர் என்றால் ஓய்வு, ஒழிந்த நேரம். ஒழிந்தபோது செய்யுங்கள், மெதுவாகச் செய்யுங்கள் என்று அர்த்தம். அப்படியானால் இந்த மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். பின்னே அண்ணா ஏன் அப்படிச் சொன்னார் என்று குழம்பிக்கொண்டிருக்கும்போதே, கதவுக்குப் பின்னாலிருந்து மன்னியின் குரல் வந்தது.

“இப்பவும் அவசரம்ங்கறாரா அந்த மனுஷர்? போனவருக்கு இன்னும் என்ன அவசரமாம்?”

ஒபொஷொர். ‘ஒ’வை எடுத்து ‘அ’ போடு. ‘ப’வுக்கு ‘வ’. ‘ஷ’வுக்கு ‘ச’. கடைசியில் ஒரு ‘ம்’.

அண்ணா வீட்டுக்கு வந்து மன்னிக்கும் என் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவளும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். விடை பிசகாமல் வந்துவிட்டது. ஓய்வு ஓய்வு என்று ஒருவர் தோளைத் தட்டித் தட்டிச் சொல்ல, அவசரம் அவசரம் என்று ஒருவர் கேட்டுக் கேட்டு ஓடி, அவசர வேலை முடிந்தது என்று கடைசியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நடுவில் நின்றவன் நான். என் சூத்திரம், என் யோசனை, என் கோபம்.

“என்ன சொல்றார்?” என்றாள் மன்னி.

“வீட்டில் என்ன சொல்கிறார்கள்?” என்றார் பொரோபாபு.

இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது, விவரம் தெரியாத வயது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், உங்கள் அகத்துக்காரர் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டு உயிரை விட்டார், அந்தத் தப்பைச் சொல்லிக் கொடுத்தவன் நான் என்று மன்னியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அந்த அடை, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு எல்லாம் ஞாபகம் வந்தது.

“ஆபீஸ் வேலையைப் பத்திச் சொல்றார் மன்னி” என்றேன். பொரோபாபுவிடம், “துக்கத்தில் இருக்கிறார்கள்” என்றேன். அவர் குடையையும் கண்ணாடியையும் பாயில் வைத்துவிட்டு, கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். மன்னி வெளியே வந்து கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டாள். “அந்த மனுஷர் தொட்ட குடை எனக்கு வேண்டாம், நீங்களே கொண்டு போயிடுங்கோ” என்றாள்.

ஒரு மாதம் கழித்து மன்னியின் தம்பி வந்து அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். ஹவுரா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நான் போனேன். எப்படித் தெரிந்ததோ, பொரோபாபுவும் வந்திருந்தார். கையில் ஒரு கூடை ஆரஞ்சு. வழியில் சாப்பிடட்டும் என்று ஜன்னல் வழியாக நீட்டினார். மன்னி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தம்பிதான் சங்கடப்பட்டுக்கொண்டு வாங்கி வைத்தார்.

வண்டி கிளம்ப மணி அடித்ததும் மன்னி என்னைக் கூப்பிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான் அவரைச் சபிக்கலை. அந்த மனுஷர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. வயசானவாளை இனிமேலாவது அவசரப்படுத்த வேண்டாம்னு சொல்லுங்கோ. இன்னொருத்தி படியிலே காதை வெச்சுண்டு உக்காரக் கூடாது.”

“சொல்றேன் மன்னி” என்றேன்.

வண்டி நகர்ந்தது. பொரோபாபு என் தோளைத் தொட்டு, “என்ன சொன்னார்கள்?” என்று ஆவலோடு கேட்டார். என் கையில் அண்ணாவின் குடை இருந்தது.

“உங்களுக்கு ரொம்ப உபகாரம் என்று சொல்லச் சொன்னார்கள்” என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போய்க்கொண்டிருக்கிற வண்டியைப் பார்த்துக் கைகூப்பினார். கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.